வண்டலூர் காரின் பூர்வீகம்

1987-ல் பெரியப்பா வாங்கி வந்தபோது கொடைக்கானல் ஏரிச்சாலையில் நின்று பார்க்காதவர்கள் குறைவு. இன்று அதே காருக்குப் புரோக்கர்கள் சொல்வது பழைய இரும்பு விலை. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985 முதல் 1988 வரை மட்டுமே தயாரித்த ஸ்டாண்டர்டு 2000 அது. அம்பாசடரைக் கேட்டு ஆள் வருகிறது, ஹெரால்டைத் தேடி அலைகிறார்கள். இதை யாரும் சீந்துவதில்லை. “பாடி சீமை பாடி சார், இன்ஜின் டிராக்டர் இன்ஜின்” என்றார் வத்தலக்குண்டு மெக்கானிக். அவர் மட்டமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் உறுத்தியது. இந்த இன்ஜின் எங்கே பிறந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

பாடியின் கதை சுலபம். இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. டேவிட் பேச் வடிவமைத்தது, பெராரி டேடோனாவின் சாயல் முகப்பிலேயே தெரியும். 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. அங்கே அதில் 3,528 சிசி வி8 இன்ஜின் கூட இருந்தது. இங்கே வந்தது 1,991 சிசி, நான்கு சிலிண்டர், 83 குதிரைத்திறன்.

அந்த 1,991-ஐப் பிடித்துக்கொண்டுதான் பின்னோக்கிப் போனேன். ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் இன்ஜின் 85 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 2,088 சிசி. பெர்குசன் டிராக்டரில் இருந்ததும் இதே குடும்பம். மெக்கானிக் சொன்னது சரிதான். ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. இரண்டு லிட்டருக்கு உட்பட்ட பந்தயப் பிரிவில் சேர்வதற்காக போரை 83 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். 1,991 சிசி ஆனது. அதைப் பொருத்திய டிரையம்ப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் கார், 1953 மே 20 அன்று பெல்ஜியத்தின் யாபேக் சாலையில் மணிக்கு 200 கிலோமீட்டரை எட்டிப்பிடித்தது. எங்கள் வீட்டு வாசலில் நிற்பது அந்த வம்சம்!

பிறகு ஏன் கெட்ட பெயர்? சிறிய இரட்டை இருக்கைக் காருக்குப் போதுமான இன்ஜினை, ஐந்து பேர் உட்காரும் பெரிய பாடிக்குள் வைத்தார்கள். மலையில் இது இன்னும் கஷ்டம். கார்புரேட்டர் இன்ஜின் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். கொடைக்கானல் 2,100 மீட்டர். மலைப்பாதையில் டம் டம் பாறை தாண்டியதும் இரண்டாவது கியரை விட்டு மாற முடியாது. குறை இன்ஜினில் இல்லை, அதன் தலையில் ஏற்றிய பாரத்தில் இருக்கிறது.

இன்றுவரை ஓடுவதும் இந்த இன்ஜினால்தான். தேய்ந்தால் பிளாக்கைக் கடைய வேண்டாம், சிலிண்டருக்குள் இருக்கும் லைனர் குழாயை உருவிப் புதிது போடலாம். திணறுவது பாடி சாமான்களுக்குத்தான். தொழிற்சாலை மூடிய பிறகு மிஞ்சிக்கிடந்த எஸ்டி1 உதிரிபாகங்களை லிங்கன் நகரின் ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிக் கப்பலேற்றிவிட்டது. சென்னையிலிருந்து போன சாமான்களால் இங்கிலாந்துக் கார்கள் பிழைத்தன. இங்குள்ள கார்கள் காயலான் கடைக்குப் போயின.

வண்டலூர் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பரணில் பார்ட்ஸ் பட்டியலோ, ஒர்க்‌ஷாப் புத்தகமோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்; இந்தக் காரை வைத்திருக்கும் யாருக்காவது கொடுங்கள்.