பாட்டி அழல, இமைதான் சரிஞ்சிருக்கு: ஒரு சின்ன த்ரெட்

1) என் தப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன். கிளினிக் பக்கத்துல பூ கட்டி விக்கிற பாட்டி, வயசு எழுபதுக்கு மேல. "டாக்டர் தம்பி, இடது கண்ணுல தண்ணி நிக்கவே மாட்டேங்குது"ன்னு வந்தாங்க. கண் சிவந்திருந்தது. சொட்டு மருந்து எழுதினேன். மூணு மாசத்துல மூணு தடவை, அதே சொட்டு மருந்து.

2) நாலாவது தடவை வந்தப்போ சொன்னாங்க: "பூ வாங்க வர்றவங்க எல்லாம், ஏன் பாட்டி அழுற, மருமக திட்டுறாளான்னு கேக்குறாங்க தம்பி. அவ தங்கமான பொண்ணு. என் கண்ணால அவளுக்குக் கெட்ட பேரு."

3) அன்னைக்குத்தான் இமையை ஒழுங்கா பார்த்தேன். கீழ் இமை கண்ணோட ஒட்டாம வெளிப்பக்கமா சரிஞ்சு, உள்பக்கச் சிவப்பு தெரிஞ்சது. இதுக்குப் பேர் எக்ட்ரோப்பியன். இமையை மெதுவா கீழே இழுத்து விட்டேன். நல்ல இமைன்னா சட்டுனு ஒட்டிக்கும். பாட்டியோடது, கண்ணைச் சிமிட்டுற வரைக்கும் அப்படியே நின்னது.

4) ஏன் தண்ணி வடியுது? மூக்கோரமா இமை விளிம்புல ஒரு சின்னத் துளை இருக்கு. கண்ணீர் அது வழியாத்தான் மூக்குக்குள்ள இறங்கும். இமை பிரண்டா துளையும் வெளியே திரும்பிடும். வாய்க்கால் வாய் தண்ணியை விட்டுத் திரும்பிக்கிட்டா என்ன ஆகும்? தண்ணி கன்னத்துல வழியும். கண்ணும் காத்துபட்டு உலர்ந்து உறுத்தும். உறுத்த உறுத்த இன்னும் கண்ணீர். அதை முந்தானையால கீழ்நோக்கித் துடைக்கத் துடைக்க இமை இன்னும் தளரும்.

5) பெரும்பாலும் காரணம் வயசுதான். முகவாதம், தீக்காயத் தழும்பு, இமையில கட்டி இருந்தாலும் வரலாம். முகம் திடீர்னு கோணினா மட்டும் காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி. பக்கவாதமாவும் இருக்கலாம்.

6) உடனடி நிவாரணம்: கண் உலராம இருக்கச் சொட்டு மருந்து, ராத்திரிக்குக் களிம்பு. துடைக்கும்போது மூக்கை நோக்கி மேலாக ஒத்தி எடுக்கணும். வயசால தளர்ந்த இமைக்கு நிரந்தரத் தீர்வு அறுவை சிகிச்சை. வெளி ஓரத்துல இமையைக் கொஞ்சம் சுருக்கி, எலும்பு ஓரத்தோட சேர்த்து இழுத்துத் தைப்பாங்க. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வெச்சா போதும், பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். தழும்பால வந்ததுன்னா சில நேரம் தோல் ஒட்டு தேவைப்படும்.

7) வலி, பார்வை மங்கல், வெளிச்சம் கூசுறது, கருவிழியில வெள்ளைப் புள்ளி: இதுல எது இருந்தாலும் அன்னைக்கே கண் டாக்டரைப் பாருங்க. கருவிழிப் புண் பார்வையைப் பறிச்சிடும்.

8) ஆபரேஷன்னதும் பாட்டி பயந்தாங்க. விளக்கினதும், "பாவாடை நாடா தளர்ந்தா இழுத்துக் கட்டுற மாதிரிதானே?"ன்னு கேட்டாங்க. நான் இத்தனை வரியில சொன்னதை ஒரே வரியில முடிச்சிட்டாங்க! கண் டாக்டர்கிட்ட அனுப்பினேன்.

9) ரெண்டு மாசம் கழிச்சு மருமகளோட வந்தாங்க. மேசையில ஒரு முழம் மல்லி. "இப்ப யாரும் கேக்குறதில்ல தம்பி." மருமகள் ஒண்ணும் சொல்லல, சிரிச்சாங்க.

10) ஜூனியர் டாக்டர்களே, வயசானவங்க கண்ணுல தண்ணின்னு வந்தா, மருந்துச் சீட்டை எடுக்கிறதுக்கு முன்னாடி இமையை ஒரு தடவை இழுத்துப் பாருங்க. அஞ்சு செகண்ட் வேலை. நான் அதைச் செய்ய மூணு மாசம் எடுத்துக்கிட்டேன்.