கோட்டைக்குப் போகும் நாள்

அடுத்த மாதம் நான் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருக்கும் பெரியம்மாவின் மகளிடம் இரண்டு கிழமை போய் நிற்கப் போகின்றேன். அவவின் பதினொரு வயது மகளுக்கு எடின்பரோ கோட்டையைப் பார்க்க வேண்டும். ரயிலில் ஒரு மணித்தியாலம் கூட இல்லை. ஆனாலும் அங்கு குடியேறி ஆறு வருடங்களாகியும் அக்கா அந்தப் பக்கம் போகவில்லை.

காரணம் ஒரு பீரங்கி. 1861 ஆம் ஆண்டு முதல் அந்தக் கோட்டையில் பகல் சரியாக ஒரு மணிக்கு ஒரு வெடி தீர்க்கிறார்கள். லீத் துறைமுகத்துக் கப்பல்கள் நேரம் சரிபார்ப்பதற்காகத் தொடங்கியது. இன்று கப்பல்களுக்கு அது தேவையில்லை. உல்லாசப் பயணிகள் கூடி நின்று கைதட்டுகிறார்கள். 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்த ஒருவருக்கு அந்தச் சத்தம் எப்படியிருக்கும் என்று இதை வாசிக்கும் உங்களுக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

ஆகவே தொலைபேசியில் திட்டம் போடத் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெரிய வெள்ளியன்றும் நத்தாரன்றும் வெடிப்பதில்லை. ஆனால் ஞாயிறு அக்காவுக்கு வேலை. மற்ற நாளென்றால் காலை ஒன்பதரைக்குத் திறந்தவுடன் உள்ளே போய், பன்னிரண்டரைக்கு முன் இறங்கிவிட வேண்டும். எரிமலைப் பாறையின் மேல் கட்டிய கோட்டை. பாதை கல் பதித்த ஏற்றம். அக்காவின் முழங்கால் நோவோடு மெதுவாகத்தான் ஏறலாம்.

மூன்று மணித்தியாலத்தில் எல்லாம் பார்க்க முடியாது. மேரி அரசி 1566 இல் பிள்ளை பெற்ற சின்ன அறையை மகள் கேட்டிருக்கிறாள். அரச முடியும் வேண்டுமாம். நான் காட்ட விரும்புவது மார்கிரட் சிற்றாலயத்தை. 1093 நவம்பரில் கணவனும் மூத்த மகனும் போரில் இறந்து சில நாட்களுக்குள் அரசி மார்கிரட்டும் இறந்துபோனா. அவவின் நினைவாக இன்னொரு மகன் தாவீது 1130 அளவில் கட்டியது. எடின்பரோவில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டிடம் அதுதான். பிற்காலத்தில் அதைக் கோயில் என்பதையே மறந்து வெடிமருந்துக் களஞ்சியமாக்கி விட்டார்கள். 1845 இல்தான் அது என்னவென்று திரும்பக் கண்டுபிடித்தார்கள். இப்போது ஸ்கொட்லாந்தில் வாழும் மார்கிரட் என்ற பெயருள்ள பெண்கள் முறைவைத்து அங்கே பூ வைக்கிறார்கள்.

அடுத்தது கிணறு. 1571 முதல் 1573 வரை நடந்த முற்றுகையின் முடிவில், குண்டடிபட்டு இடிந்த தாவீது கோபுரம் கிணற்றை மூடிவிட்டது. தண்ணீர் இல்லாமல் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். சமூகவியல் படித்த பழக்கத்தில் எனக்கு வரும் கேள்வி, அந்தக் கடைசி நாட்களில் தண்ணீரைப் பங்கிட்டது யார் என்பது. வழிகாட்டிப் புத்தகங்களில் தளபதியின் பெயர்தான் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போனபோது அக்கா இடையில் கேட்டா: "சரியா ஒரு மணிக்கோ? ஒரு நிமிசமும் பிந்தாதோ?"

"பிந்தாது அக்கா. அதுக்குத்தானே வெடிக்கினம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னா: "அங்கை எங்களுக்கு ஒருத்தரும் நேரம் சொல்லி அடிக்கேல்லையடி."

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. மனம் பாதிக்கப்பட்டவர்களை எதற்கும் உந்தக்கூடாது என்பது எங்கள் வேலையில் முதலில் படிப்பது. படித்ததற்காக அல்ல, அன்று எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் அக்காவே இணையத்தில் மூன்று சீட்டு எடுத்துவிட்டா. சனிக்கிழமை, காலை ஒன்பதரை. பன்னிரண்டரைக்கு இறங்குவதா, நிற்பதா என்று அங்கே வைத்துத்தான் முடிவெடுப்பாவாம். இறங்கினால் வேவர்லி ரயில் நிலையத்துக்குக் கால் மணித்தியால நடை. அம்மா எழும்பினால் ஒரு கேள்வியும் கேளாமல் கூட வரவேண்டும் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அரச முடியை முதலில் பார்த்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அவள் ஓம் என்றாள்.