மப்பு மந்தாரத்தில் ஒரு படம்

மார்கழி மழை இருட்டிலே கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படும் கிழவனைக் கண்டால், "வெயில் காலம் முழுவதும் இவர் நித்திரையோ?" என்று அயலார் கேட்பது நியாயமே. நிழற்படத்துக்கு முதலில் வேண்டியது ஒளி. அதை அள்ளி வழங்கும் மாதங்கள் நமது வடபகுதியில் எத்தனையோ உண்டு. ஆனால், நான் தேடிச் செல்லும் விருந்தினர் அம்மாதங்களில் பெருந்தொகையாக இங்கே தங்குவதில்லை. வட ஆசியாவின் உறைபனிக்குத் தப்பி ஊசிவால் வாத்துகளும் கருவால் மூக்கன்களும் ஐப்பசி, கார்த்திகையில் நமது கரைகளை வந்தடைகின்றன. கோடை முற்றுமுன் மீண்டும் வடக்கே கிளம்பிவிடுகின்றன. வடகீழ்ப் பருவக்காற்று முகிலையும் மழையையும் சுமந்து வருவதும் அதே மாதங்களில்தான். பறவை நிற்கும்போது வெயில் இல்லை. வெயில் வரும்போது பறவை இல்லை.

ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் படப்பிடிப்பாளருக்கு மாரியில் பகற்பொழுதே சில மணி நேரந்தான். நமக்கு அந்தக் குறை கிடையாது. மார்கழியிலும் இங்கே பகல் பதினொன்றரை மணித்தியாலம் நீள்கிறது. ஆயினும், முகில் தாழ இறங்கி நிற்கும் நாட்களில் அந்தப் பதினொன்றரை மணித்தியாலமும் விடியாத விடியலாகவே கழிந்துவிடும்.

மன்னார்த் தீவிலிருந்து தாம்போதியைக் கடந்து, பெருநிலத்தில் வங்காலைப் பக்கமாகத் திரும்பினால், சேறும் உப்புநீரும் புல்வெளியும் மாறிமாறி வரும் பரந்த வெளி ஒன்று விரிந்து கிடக்கும். இன்று அது 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள சரணாலயம். 2008 ஆம் ஆண்டில் அவ்வாறு பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. நான் முதன்முதலாக அங்கே சென்ற 1971 இல் அதற்கு இந்தப் பெயரும் இல்லை, பெருமையும் இல்லை. பூநாரைகள் மட்டும் இருந்தன.

எனது தந்தையாரின் இளைய சகோதரர் அப்பொழுது மன்னார்க் கச்சேரியில் இலிகிதராக இருந்தார். எனக்கு அவர் குஞ்சியப்பு. டிசெம்பர் விடுமுறைக்கு என்னை அங்கே அனுப்பிவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவரிடம் மடித்து வைக்கக்கூடிய பழைய கமரா ஒன்று இருந்தது. ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம். அது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். படச்சுருள் கிடைப்பது அரிது. அந்த மாரி முழுவதற்கும் அவர் கையில் இருந்தது ஒரேயொரு சுருள். அதிலும் ஐந்து படங்களை ஒரு கலியாண வீடு விழுங்கிவிட்டது.

இருள் பிரியுமுன் சைக்கிளில் என்னை முன்னே ஏற்றிக்கொண்டு தாம்போதியைக் கடந்தார். வழியெல்லாம் எதிர்காற்று. கண்டற் பற்றை ஒன்றின் பின்னால் முக்காலியை நாட்டி, கமராவின் மேல் மழைக்கோட்டைப் போர்த்துவிட்டு, தாம் நனைந்துகொண்டு குந்தியிருந்தார். எங்களுக்கு முன்னே, இருநூறு முழத்துக்கு அப்பால், நூற்றுக்குக் குறையாத பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. தூரத்துப் பொருளைக் கிட்ட இழுக்கும் வில்லை அவரிடம் இல்லை. ஆகையால் அவர் பறவையைப் படம் எடுக்க வரவில்லை. பறவை நிற்கும் வெளியைப் படம் எடுக்க வந்தார். நீரும் வானும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத சாம்பல் நிறம். அதன் நடுவே ஒரு வரி பூநாரை. அதுதான் அவருக்கு வேண்டும்.

வெளிச்சமோ மிகக் குறைவு. வில்லையின் துவாரத்தை முழுவதும் திறந்துவிட்ட பின்பும், கமராவின் மூடி 1/30 செக்கன் திறந்திருந்தால்தான் சுருளில் உருவம் பதியும் என்று கணக்கிட்டார். நிற்கும் பறவைக்கு அது போதும். எல்லாத் தலைகளும் ஒருங்கே அசையாமல் நிற்கும் ஒரு கணத்துக்காக அவர் காத்திருந்தார். அரை மணி நேரம் கழிந்தது. பிறகு இன்னும் ஓர் அரை மணி.

எனக்கு அப்பொழுது வயது பதினாறு. குளிர், பசி, காலில் சேறு. இத்தனை பறவைகளும் ஒன்றாய் எழும்பினால் எத்துணை அழகாயிருக்கும் என்று ஓர் எண்ணம் தோன்றியது. தோன்றியதும், எழுந்து நின்று இரண்டு கைகளையும் தட்டி, உரத்த குரலில் கூவினேன்.

பூநாரையால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று மேலெழ இயலாது. நீரின்மேல் ஓடி ஓடித்தான் எழ வேண்டும். நூறு பறவைகளும் ஓடின. சிவப்பும் கறுப்புமாய்ச் சிறகுகள் விரிந்தன. அந்தச் சாம்பல் வெளியில் அது தீப்பற்றியது போல இருந்தது. பொய் சொல்லமாட்டேன், அழகாகத்தான் இருந்தது. குஞ்சியப்பு திடுக்கிட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டார். பறவைகள் இருமுறை வட்டமிட்டுத் தெற்கே சென்று மறைந்தன.

அவர் என்னை ஏசவில்லை. முக்காலியை மடக்கியபடி, "குளிருதோ தம்பி? வா, தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

அடுத்த இரண்டு நாட்களும் போனோம். வெளி வெறிதாய்க் கிடந்தது. தை மாதத்தில் அந்தப் படத்தைக் கழுவி எனக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். பறவை என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை. வெண்சுண்ணாம்பை விரலால் இழுத்தது போன்ற கீறல்கள் மட்டுமே இருந்தன. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் பறவை 1/30 செக்கனில் ஏறத்தாழ அரை மீற்றர் நகர்ந்துவிடும் என்னும் கணக்கு பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது. படத்தின் பின்புறத்தில் நீல மையால் இரண்டு வரிகள். "மார்கழி 1971. பறவைகள் திரும்பவில்லை." வேறொன்றும் எழுதவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எங்கள் வீட்டுப் பெட்டிகளோடு அந்தப் படமும் போயிற்று.

சென்ற மார்கழியில் அதே வெளிக்கு எனது பேத்தியை அழைத்துச் சென்றேன். உயர்தர வகுப்பில் படிக்கிறாள். கனடாவிலிருக்கும் அவளுடைய மாமா அனுப்பிய கமரா அவள் கையில் இருந்தது. தூரத்தைக் கிட்ட இழுக்கும் வில்லையும் அதனுடன் வந்திருந்தது. இம்முறை பற்றையும் மழைக்கோட்டும் வேண்டியிருக்கவில்லை. தெரிந்த பிள்ளை ஒருவருடைய ஓட்டோவைத் தெருவோரத்தில் நிறுத்தி, அதற்குள்ளேயே இருந்துகொண்டோம். எழுந்து நடமாடும் மனிதனுக்கு அஞ்சும் பறவை, அசையாமல் நிற்கும் வாகனத்துக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. வில்லையின் மேல் தூறல் விழாமல் ஒரு பொலித்தீன் பையைத் துளையிட்டு மாட்டினோம்.

முதற் பத்துப் படங்களும் சேற்று நிறத்தில் வந்தன. வெள்ளைப் பறவை சாம்பலாகவும், சாம்பல் வானம் கரியாகவும் தெரிந்தன. அவள் முகம் வாடிவிட்டது. பிழை அவளுடையதன்று, கமராவின் ஒளிமானி அப்படிப்பட்டது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கிவிடப் பார்க்கும். கெட்டிக்காரனுக்கும் மக்கனுக்கும் ஒரே ஐம்பது புள்ளி போடும் வாத்தியாரை ஒத்தது. வெளிறிய வானமும் வெளிறிய நீரும் வெண்பறவையும் சேர்ந்தால், வெளிச்சம் மிகுந்துவிட்டதென்று எண்ணி அது கதவைச் சாத்திவிடும். ஆகவே மங்கலான நாளிலும் மானி கேட்பதைவிட ஒரு படியோ ஒன்றரைப் படியோ கூடுதலாக ஒளி கொடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் அவள் ஒரு சில்லைத் திருப்பினாள். பூநாரையின் உடம்பில் மெல்லிய ரோசா நிறம் வந்துவிட்டது.

அந்த நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். மன்னார் வெயில் உச்சிக்கு ஏறினால் நீர்மேல் கானல் ஆடும். தூரத்துப் பறவை நீரில் கரைந்த உருவம் போல நெளியும். எத்தனை விலையுயர்ந்த வில்லையாலும் அதைத் தெளிவாக்க இயலாது. வெள்ளை இறகு வெயிலில் வெளுத்து, வெறுங்கடதாசிபோல ஆகிவிடும். அதன் கீழே கன்னங்கரிய நிழல். முகில் மூடிய நாளில் கானல் இல்லை, கடுநிழல் இல்லை. வெள்ளைக்கும் ரோசாவுக்கும் இடையிலுள்ள அத்தனை சாயல்களும் தெரியும். குஞ்சியப்பு ஏன் மழை நாளைத் தெரிந்தெடுத்தார் என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாரென்று நினைக்கிறேன்.

ஏழரை மணியளவில் மழை விட்டது. பறவைகள் எங்களுக்குக் கிட்ட மேய்ந்துகொண்டு வந்தன. அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாவினால் நீரை உள்ளே இழுத்து வடித்துத் தின்னும் விதத்தை வில்லைக்கூடாகப் பார்த்துப் பேத்தி வியந்தாள். பிறகு, நான் ஐம்பது வருடங்களுக்கு மேலாகப் பயந்துகொண்டிருந்த அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அம்மப்பா, ஒருக்காக் கை தட்டினால் எல்லாம் எழும்புந்தானே?"

எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. ஏனெனில் அவளுடைய கமராவால் அது இயலும். குஞ்சியப்புவின் சுருளின் உணர்திறன் 100. அதற்கு 1/30 செக்கன் வேண்டியிருந்தது. இன்றைய கமராவில் அதனை 1600 என்று வைக்கலாம், பதினாறு மடங்கு. அதே மங்கல் ஒளியில் 1/500 செக்கன் போதும். 3200 என்று வைத்தால் 1/1000. படத்தில் கொஞ்சம் மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரியும், அவ்வளவுதான். சிறகின் ஒவ்வோர் இறகும் துலக்கமாக விழும். "வெளிச்சம் காணாது பிள்ளை, படம் வராது" என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. அந்தக் காலத்தில் மங்கல் ஒளிதான் பறவைக்கு ஒரு காவலாக நின்றது. பறக்கவிட்டவனுக்குக் கீறல்தான் கிடைத்தது. இப்பொழுது அந்தக் காவலைக் கருவி நீக்கிவிட்டது.

ஆகவே 1971 இன் கதையைச் சொன்னேன். கை தட்டிய இடம், தேத்தண்ணி, நீல மை எல்லாவற்றையும் சொன்னேன்.

"பறக்கிறதுக்குத்தானே சிறகு? பறந்தால் அதுக்கு என்ன?" என்றாள். இக்காலத்துப் பிள்ளைகள் காரணம் கேட்காமல் ஒன்றையும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், அது நல்லதுதான்.

பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஊசிவால் வாத்துகளைக் காட்டினேன். பல ஆயிரம் கிலோமீற்றர் பறந்து இங்கே வந்தவை, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இந்தச் சேற்றிலிருந்துதான் உடம்பில் சேர்க்கவேண்டும். ஒருமுறை வீணாக எழும்பினால் அந்தச் சேமிப்பிலிருந்து செலவு. இந்தக் காலையில் நாங்கள் எழுப்பினால், மத்தியானம் வேறொருவர் எழுப்புவார். மேலும், தாம்போதிப் பக்கம் மின்கம்பிகள் செல்கின்றன. திடுக்கிட்டு எழும் பறவைக்கு மங்கல் வெளிச்சத்தில் கம்பி கண்ணிற் படுவதில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னாளில் வாசித்தறிந்த செய்தி. அன்று தெரிந்ததெல்லாம் வெறும் வெளியும், அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மனிதரின் முதுகும்.

அவள் ஒன்றும் சொல்லாமல் கமராவைத் தூக்கினாள். உணர்திறனைக் குறைத்தாள், நான் சொல்லவில்லை, தானாகவே குறைத்தாள். ஓட்டோவின் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். வில்லையைப் பறவையின் கழுத்திலிருந்து எடுத்து வெளியெங்கும் மெல்ல நகர்த்தினாள். தூரத்தில் ஒருவர் இடுப்பளவு நீரில் வீசுவலையோடு நின்றார். அவருக்கும் பறவைகளுக்கும் இடையில் கோடு என்று எதுவும் இல்லை. நீர், வானம், மூட்டம், மூன்றும் ஒன்று. பறவைகளின் கால்கள் மேலும் கீழுமாய் இரட்டித்துத் தெரிந்தன. ஒரு பஸ் கோர்ன் அடித்துக்கொண்டு தெருவிற் போயிற்று. எல்லாத் தலைகளும் நீரிலிருந்து உயர்ந்தன. என் நெஞ்சு திக்கென்றது. பறவைகள் ஓடவில்லை, தலையை உயர்த்தியபடி நின்றன. அந்தக் கணத்தில் அவள் பொத்தானை அமுக்கினாள்.

ஒன்பது மணிக்கு முகில் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. சிறிது நேரத்தில் தூரத்துப் பறவைகள் கானலில் நெளியத் தொடங்கின. ஓட்டோக்காரப் பிள்ளை, "இனித்தான் நல்ல வெளிச்சம், எடுங்கோ" என்று உற்சாகமூட்டினார். பேத்தி வில்லைக்கு மூடியைப் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டு, முகத்தைச் சுளித்து வானத்தைப் பார்த்தாள்.

"அம்மப்பா, நாளைக்கும் மப்பாய் இருக்குமோ?"

வானொலியில் அப்படித்தான் சொன்னார்கள் என்றேன்.