சட்டாம்பிள்ளைக்கு யார் பாடம் சொல்வது?

கடல் கடந்து போய்க் குடித்தனம் நடத்துகிறவர்களைப் பற்றி நமக்கெல்லாம் ஓர் எண்ணம் உண்டு. கை நிறையச் சம்பளம், குளுகுளு அறை, லீவில் வரும்போது பெட்டி பெட்டியாய்ச் சாமான்! அந்தப் பெட்டிகளில் ஒன்று, இங்கிருந்து திரும்பிப் போகும்போது பிள்ளைகளின் பாடப் புத்தகங்களைச் சுமந்து செல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. அவற்றில் என் அக்காள் குடும்பமும் ஒன்று.

அத்தானுக்கு ஓமானிலே, நகரத்தை விட்டு வெகு தூரத்தில் வேலை. இந்தியப் பள்ளிக்கூடம் நகரத்தில் இருக்கிறது. அங்கே போய் வருகிற தூரத்தை எண்ணி அக்காள் பயந்தாள். கட்டணத்தை மூன்றால் பெருக்கிப் பார்த்து அத்தான் பயந்தார். கடைசியில், "நானே சொல்லித் தருகிறேன்" என்று அக்காள் துணிந்துவிட்டாள்.

பெரியவளுக்கு வயது 11. நடுவிலே பையன், 8. கடைக்குட்டிப் பெண்ணுக்கு 5. சுவரில் மூன்று அட்டவணைகள் ஒட்டியாயிற்று. ஒருத்திக்கு 'அ' எழுதக் கை பிடித்தால், மற்ற இருவரும் ரப்பருக்காகக் கை கலப்பார்கள். ஒரே வாரத்தில் அட்டவணைகள் கிழிந்தன. அப்புறம் அக்காள் ஒரு காரியம் செய்தாள். மூத்தவளைச் சட்டாம்பிள்ளை ஆக்கினாள்.

நேயர்களே, இது நம் தாத்தாக்கள் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்து வழிதான். அங்கே வகுப்பு ஏது, பிரிவு ஏது? ஒரே திண்ணை, ஒரே வாத்தியார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும். 1789-ல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். மணலில் எழுதும் நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கண்டு, தம் விடுதியிலும் மணலைப் பரப்பினார். 8 வயதுப் பையன் ஒருவனை அரிச்சுவடி வகுப்புக்கு வாத்தியாராக்கினார். ஊர் திரும்பி 1797-ல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அது கப்பலேறிப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரோடே இன்றும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது!

அக்காளின் வகுப்பை நான் நேரில் கண்டது, அவர்கள் லீவில் வந்தபோது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரம், கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது. 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் என்ற புவியியல் அறிஞர் அதைப் பற்றி உலகுக்குச் சொன்னார்.

கடைக்குட்டி அதன் ஓரமாகவே அடி வைத்து எண்ணினாள். இருபத்தொன்பது வரை ஒழுங்காக வந்தது, அடுத்து "இருபத்துப் பத்து!" என்றாள். பையனுக்கு வேறு வேலை: மரத்தின் நீளம் 18 மீட்டர், அது எத்தனை அடி? தரையில் குச்சியால் பெருக்கி, "ஐம்பத்தொன்பது, மாமா!" என்று நிமிர்ந்தான்.

மூத்தவள் அவர்களுக்குக் கதை சொன்னாள்: "இங்கே ஒரு காலத்திலே கடல் இருந்துச்சு. மரம் சேற்றிலே புதைஞ்சுது. தண்ணியிலே கரைஞ்சிருந்த தாதுப் பொருள் மரத்துக்குள்ளே புகுந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாயிடுச்சு."

"இந்த ஊரிலே ஏது அக்கா கடல்?" என்றான் தம்பி.

"அரியலூரிலே சிமெண்டுக்கு வெட்டுறாங்களே சுண்ணாம்புக்கல், அது யாரு விட்டுட்டுப் போனது? கடல்தான்!"

ஒரே மரம், மூன்று பாடம்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று மாலை அவளே என்னிடம் மெதுவாக வந்தாள். "மாமா, பின்னத்தை வகுக்கிறப்போ ஏன் தலைகீழாகத் திருப்பிப் பெருக்கணும்?" நோட்டை வாங்கிப் பார்த்தேன். தம்பியின் நோட்டு மூன்றாவது, தங்கையுடையது இரண்டாவது. இவள் நோட்டு பொங்கலுக்கு எழுதிய அதே பின்னக் கணக்கில் நின்றிருந்தது. "அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்து முடிக்கிறதுக்குள்ளே அம்மா சமையலுக்குப் போயிடுவாங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

அக்காளிடம் நோட்டைக் காட்டினேன். வெகு நேரம் அதையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

மெட்ராஸ் முறையும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தது. சட்டாம்பிள்ளைகள் தாங்களே அரைகுறையாகக் கற்றதை ஒப்பித்தார்கள் என்று குறை எழுந்தது. 1846-ல் இங்கிலாந்தில் மாணவ ஆசிரியர் ஏற்பாடு வந்தபோது, பாடம் சொல்லும் அந்தப் பிள்ளைகளுக்குத் தலைமை ஆசிரியர் தினம் ஒன்றரை மணி நேரம் தனியாகக் கற்பிக்க வேண்டும் என்று விதித்தார்கள்.

அக்காள் வீட்டிலும் இப்போது அதே சட்டம்! சின்னவர்கள் தூங்கியதும் மூத்தவளுக்கு மட்டும் ஒன்றரை மணி. முதல் பாடம் அதிரசத்தில் நடந்தது. "அரை அதிரசத்திலே எத்தனை கால் அதிரசம் இருக்கு?" "ரெண்டு!" பாதியைக் காலால் வகுத்தால் ஏன் இரண்டு வருகிறது என்று அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

ஊர் திரும்பினால் பள்ளியில் சேர்ப்பார்களா என்று இத்தகைய தாய்மார்கள் கவலைப்படுகிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியதை ஈடுகட்டத் தனிப் பயிற்சி தரச் சொல்கிறது. சட்டம் இடம் வாங்கித் தரும்; பின்னக் கணக்கை வீட்டில்தான் போட வேண்டும்.

மஸ்கட்டோ மங்களமேடோ, எந்த வீட்டிலும் மூத்த பிள்ளை ஒரு சட்டாம்பிள்ளைதான். இன்று இரவு, தம்பி தங்கைகள் தூங்கிய பிறகு, அந்தப் பிள்ளையின் நோட்டையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.