சோயாவின் பதம்

மீன் தீவன ஆலையில் சேர்ந்த புதிதில், மீன் தூளை எடுத்துவிட்டுச் சோயாப் புண்ணாக்கைப் போடுவது வெறும் கணக்கு என்றுதான் நினைத்தேன். மத்தி வரத்து குறைந்தால் மீன் தூள் விலை ஏறிவிடும், சோயா மலிவு. நல்ல மீன் தூளில் புரதம் சுமார் 60 சதவீதம், சோயாவில் 45. ஒரு கிலோவை எடுத்தால் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல் போட வேண்டும். கூடும் எடைக்கு ஈடாகத் தவிட்டைக் குறைத்துக்கொள்ளலாம். எழுதிக் காட்டினேன். “தாளை மீன் தின்னாது தம்பி,” என்றார் கலவை பார்க்கும் அண்ணன்.

முதலில் அரைவை. சோயாத் தூளை விரல்களுக்கிடையில் தேய்க்கச் சொன்னார். எனக்கு மாவாகத் தெரிந்ததில் அவர் விரலுக்குத் தோல் துணுக்குகள் தட்டுப்பட்டன. துணுக்கு இருக்குமிடத்தில்தான் தீவனக் குருணை வெடிக்கும். சலித்து மறுபடி அரைத்தேன். அடுத்து ஈரம். ஒரு பிடி கலவையை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தால் உருண்டை நிற்க வேண்டும். விரலில் ஈரம் கசியக் கூடாது. என் கலவை ஒருநாள் புட்டு மாவாக உதிரும், மறுநாள் குருணை பிழியும் அச்சை அடைத்துக்கொள்ளும். டம்ளர் தண்ணீரில் போட்ட குருணை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையும்.

அதிகம் திணறியது வேக்காட்டில். பச்சைச் சோயாவில் மீனின் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. சூட்டில்தான் அது அடங்கும். யூரியாவும் ஃபீனால் ரெட்டும் கலந்த கரைசலைத் தூள்மேல் ஊற்றினால், வேகாத துணுக்குகள் சிவப்புப் புள்ளிகளாக எழும். தட்டு முழுக்கச் சிவந்தால் மூட்டை திரும்பிப் போகும். ஒரு புள்ளியும் எழாத தட்டைப் பார்த்து நான் மகிழ்ந்தபோது அண்ணன் முகம் சுளித்தார். அளவுக்கு மீறிய சூட்டில் லைசின் என்னும் அமினோ அமிலம் கெட்டிருக்குமாம். அங்கங்கே சில புள்ளிகள், அதுவே பதம்.

சோயாவிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பங்கு ஃபைட்டேட்டில் பூட்டிக் கிடக்கிறது. அதை விடுவிக்கும் ஃபைட்டேஸ் நொதியைச் சூடான கலவையில் கொட்டப்போனேன். அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். குருணை ஆறிய பிறகுதான் தெளிக்க வேண்டும்.

ஜிலேபி மீன் விரும்பித் தின்ற அதே கலவையைக் கொடுவாவுக்குப் போட்டோம். வாயில் வாங்கியது, துப்பியது. ஊனுண்ணி மீனுக்குச் சோயாவின் ருசி பிடிக்கவில்லை. மீன் தூளைப் பாதிக்குமேல் திரும்பச் சேர்த்தோம். சோயாவில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தையும் கலந்தோம். பிறகு மீன் தூளைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் தீவனத் தட்டில் மிஞ்சியதைப் பார்த்தோம்.

மீன் தூளை எவ்வளவு குறைக்கலாம் என்று பண்ணைக்காரர்கள் கேட்டால், எந்த மீனுக்கு என்று முதலில் கேட்கிறேன். சோயா லாரி வந்தால் அண்ணன் என்னைக் கூப்பிடுகிறார். இறக்குவதா, திருப்புவதா என்று இப்போது நான்தான் சொல்கிறேன்.