கல்லமேட்டு எலும்பு

என் அக்கா மகனுக்கு ஏழு வயது. ‘வாழைப்பழம்’ அவன் வாயில் ‘வாளப்பளம்’ ஆகிவிடும். ஆனால் பாக்கிசெஃபலோசாரஸ் என்று நாக்கு பிறழாமல் சொல்வான். அவன் புத்தகத்தில் டைனோசர்கள் எல்லாம் அமெரிக்காவிலும் மங்கோலியாவிலும் அர்ஜென்டினாவிலும் வாழ்கின்றன. “மாமா, நம்ம ஊர்ல ஒண்ணுகூட இல்லையா?” என்று ஒருநாள் கேட்டான்.

இருந்ததுடா. ஒருவேளை அத்தனையிலும் பெரியதே நம்மூர்க்காரராக இருக்கலாம்.

பெயர் புருஹத்காயோசாரஸ். பேருடல் கொண்ட பல்லி என்று பொருள். அரியலூர் பக்கம் கல்லமேட்டில், சுமார் 7 கோடி ஆண்டுகள் பழைய மண்ணில் கிடைத்தது. அரியலூரின் சிமென்ட் ஆலைகளுக்குத் தீனி போடும் சுண்ணாம்புக்கல் ஒருகாலத்துக் கடலின் மிச்சம். அந்தக் கடல் பின்வாங்கிய பிறகு ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த படிவுதான் கல்லமேடு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் இந்த விலங்கைப் பற்றி எழுதினார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, வால் முள்ளெலும்பு, அப்புறம் ஒரு கீழ்க்கால் எலும்பு. அந்தக் கீழ்க்கால் எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர். முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்குமே நம்மில் யாரைவிடவும் உயரம்.

முதலில் இதை ஊனுண்ணி வகையில் சேர்த்தார்கள். பிறகுதான் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணியான சாரோபாடாக இருக்க வேண்டும் என்ற கருத்து வலுத்தது. 2023இல் வந்த ஒரு கணக்கீடு இதன் எடையை 110 முதல் 170 டன் வரை என்கிறது. நீலத் திமிங்கிலத்தின் கணக்கு இது. அதைக் கரையில் நான்கு கால்களில் நடக்க விட்டுப் பாருங்கள்.

சரி, அந்த எலும்பு இப்போது எங்கே?

எங்கேயும் இல்லை. எலும்புகள் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தன. மழையில் ஊறிய களிமண் வேறு. ஆய்வகம் போய்ச் சேரும் முன்பே நொறுங்கிப்போயின. கை உடைந்தால் மாவுக்கட்டு போடுகிறோமே, புதைபடிவத்துக்கும் அதேதான். சாக்குத்துணியை பிளாஸ்டரில் நனைத்துச் சுற்றி, காய்ந்த பிறகு மண்ணோடு சேர்த்துத் தூக்குவார்கள். அப்படித் தூக்க நல்ல பொருளும் ஆளும் வண்டியும் நேரமும் வேண்டும்.

எலும்பு இல்லாததால் சந்தேகம் வளர்ந்தது. கல்லாகிப்போன மரத்தைப் பார்த்து எலும்பு என்று சொல்லிவிட்டார்களோ என்றார்கள். அநியாயமான கேள்வி இல்லை. பக்கத்திலேயே பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 2022இல் அகழ்வின்போது எடுத்த பழைய படங்கள் வெளியாயின. அதற்குப் பிறகு எலும்புதான், சாரோபாடுதான் என்ற தரப்புக்குக் கொஞ்சம் பலம் கூடியது. என் தொழில் மென்பொருள். அழிந்துபோன டேட்டாபேஸை ஸ்க்ரீன்ஷாட் வைத்து மீட்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். ‘இருந்தது’ என்று வேண்டுமானால் அது சொல்லும். திரும்ப அளக்க விடாது.

பாராபாசாரஸின் கதை வேறு. கோதாவரிப் பள்ளத்தாக்கில் 300க்கு மேற்பட்ட எலும்புகள் கிடைத்தன. கிடைத்தவை பத்திரமாகக் கொல்கத்தா போயின. பெயரில் பாதி வங்காளம், ‘பெரிய கால்’ என்று அர்த்தம். தாகூர் நூற்றாண்டான 1961ஐ ஒட்டி, முழுப்பெயர் பாராபாசாரஸ் தாகோரை. மண்டையோடு கிடைக்கவில்லை, அதனால் என்ன? இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் ஆள் எழுந்து நிற்கிறார். குஜராத்தின் ராஜாசாரஸைப் பாருங்கள். 1980களில் தோண்டி எடுத்த எலும்புகளுக்கு 2003இல்தான் பெயர் கிடைத்தது. இருபது வருடம் கவனிப்பாரின்றி இருந்தாலும் தொலையவில்லை, அது போதும்.

ஆங்கிலப் புத்தகக்காரர்கள் நம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்று புலம்புவது சுலபம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். 2020இல் பெரம்பலூர் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்ததும் ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப் முழுக்க ஓடியது. அவை முட்டையே இல்லை என்று புவியியலாளர்கள் சொன்னது அவ்வளவு தூரம் ஓடவில்லை. பெருமை பேச நமக்கு எப்போதும் ஆள் உண்டு. மாவுக்கட்டு போடத்தான் ஆள் குறைவு.

அதே கல்லமேட்டுப் படிவிலிருந்து 2013இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஒரே ஒரு பல், விரல் நுனியில் வைத்துக்கொள்ளலாம். அதுவரை வட கண்டங்களில் மட்டுமே தெரிந்திருந்த ட்ரூடான்டிட் என்ற சிறிய டைனோசர் வகையைச் சேர்ந்தது என்றார்கள். அந்த அடையாளம் தவறு என்று நாளைக்கு யாராவது வாதாடலாம். வாதாடட்டும். பல் இருக்கிறது, எடுத்து வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பேருடல்காரருக்கு அந்த வசதி இல்லை.