கணிப்பொறிக்குள் வீடு மாற்றினேன்!

வீடு மாற்றுவோர் பழைய வாசலில், "எதிர்த் தெருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம்" என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டுச் செல்வதுண்டு. அத்தகைய அட்டை ஒன்றைக் கணிப்பொறிக்குள் தொங்கவிடப் போய், நான் ஓர் இரவு முழுதும் உறக்கமின்றிக் கிடந்த கதை இது.

என்னிடம் இருப்பது பழைய கணிப்பொறி. விண்டோஸ் குடியிருக்கும் அதன் எஸ்.எஸ்.டி. 120 ஜி.பி. என்பது கடைக்காரர் கணக்கு. திரையில் 111தான் தெரியும். (ஆயிரத்தால் பெருக்குவோருக்கும் 1024ஆல் பெருக்குவோருக்கும் உள்ள தீராத வழக்கு!) அது நிரம்பி, சிவப்புக் கோடு காட்டி மூச்சுத் திணறியது. பக்கத்திலேயே 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க் ஒன்று 'டி' என்ற பெயரில் காலியாகக் கிடந்தது.

'சி'யில் உள்ள 'யூசர்ஸ்' ஃபோல்டரை அங்கே கொண்டுபோய்விட்டு, பழைய இடத்தில் ஓர் இணைப்பை வைத்தால் போதும் என்றான் நண்பன். விண்டோஸ் பழைய முகவரிக்கே வரும். இணைப்பு அதைப் புதிய இடத்திற்கு அழைத்துச் செல்லும். இடம் மாறிய செய்தியே மென்பொருள்களுக்குத் தெரியாது. 'எம்கேலிங்க்' என்பது அதற்கான கட்டளை. யூனிக்ஸ் உலகில் 1983இல் வந்த 4.2 பி.எஸ்.டி.யிலேயே இத்தகைய இணைப்பு உண்டு.

விண்டோஸ் ஓடும்போது அந்த ஃபோல்டரை நகர்த்த இயலாது. நாம் அதற்குள்தானே உட்கார்ந்திருக்கிறோம்! ஆகவே பழுதுநீக்கும் கறுப்புத் திரைக்குச் சென்று, 'ரோபோகாப்பி'யால் நகலெடுத்தேன். பழையதை அழித்தேன். இணைப்பை வைத்தேன். மீண்டும் இயக்கியபோது, உன் கணக்கைத் திறக்க இயலவில்லை என்று கைவிரித்தது விண்டோஸ்.

என் செய்முறைப் பதிவேடு மட்டும் போயிருந்தால் திரும்ப எழுதிக் கொள்ளலாம். அதற்குள் என் அப்பத்தா பாடிய நடவுப் பாட்டு 22 நிமிடம் இருந்தது. அப்பத்தா சென்ற ஆடியில் மறைந்துவிட்டார். பதிவு செய்த கைப்பேசியும் எப்போதோ கைமாறிவிட்டது. வேறு நகல் கிடையாது. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் எங்கள் பேராசிரியரிடம் சென்று நின்றேன். அவர் கேட்ட முதற் கேள்வியிலேயே குட்டு உடைந்தது. பழுதுநீக்கும் திரையில் டிரைவுகளின் எழுத்துகள் மாறிவிடக்கூடும். அங்கே என் 'சி' 'டி'யாகவும், 'டி' 'இ'யாகவும் தெரிந்தன. நானும் 'இ' என்றே இணைப்பில் எழுதிவிட்டேன். விண்டோஸ் கண்விழித்தபோது 'இ' என்று ஒரு டிரைவே இல்லை. அட்டையில் எழுதிய தெரு, ஊரிலேயே இல்லை!

"இணைப்பை நீக்கினால் இணைப்பு மட்டும் போகும், பொருள் போகாது. ஆனால் அதன் வழியே உள்ளே நுழைந்து அழித்தால் பொருளே போய்விடும், தம்பி" என்றார். 'யூசர்ஸ்' முழுவதையும் வேறு டிஸ்குக்கு மாற்றினால் பின்னாளில் விண்டோஸைப் புதுப்பிக்கத் தடை வரும் என்றும், படங்கள், ஆவணங்கள் போன்றவற்றை மட்டும் 'லொகேஷன்' வழியாக மாற்றியிருக்கலாமே என்றும் கடிந்துகொண்டார். நண்பனின் யோசனையை நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவனைக் குறைசொல்ல மனமில்லை, அழித்தது என் விரல்தானே.

வீடு திரும்பி, 'ஆர்டி' என்று தட்டி இணைப்பை நீக்கியபோது கை நடுங்கியது. சரியான எழுத்தோடு புதிய இணைப்பை வைத்து இயக்கினேன். திரை மலர்ந்தது. அந்தக் கோப்பைத் திறந்தேன். முதலில் அப்பத்தாவின் இருமல், பிறகு பாட்டு.

அன்றே ஒரு பென் டிரைவில் நகலெடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை அரிசிப் பானைக்குள் வைத்திருப்பதாகக் கேள்வி.